திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? – சேவைச் சங்கங்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சந்தேகத்தோடு எழுதப்பட்டவை, மீதி ஆசையோடு எழுதப்பட்டவை. எனக்கு இரண்டுமே பிடித்திருந்தன. 26 வருடங்களாக ஒரு சங்கத்தில் இருக்கிறேன். ஒரு வருடம் செயலாளர், மூன்று வருடம் பொருளாளர், மற்ற வருடங்களில் நாற்காலி அடுக்குவது, பதிவேடு எழுதுவது, முகாமுக்கு வந்தவர்களை வீடு வரை கொண்டுபோய் விடுவது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

"நண்பர் ஒருவர் தன் சங்கத்தில் சேரச் சொல்லி ஒரு வருடமாகக் கூப்பிடுகிறார். எனக்குத் தெரிந்தவரை அது கோட் சூட், மேடை, விருந்து, போட்டோ. உண்மையிலேயே அங்கே சேவை நடக்கிறதா?" – ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

எல்லாச் சங்கத்திலும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மேடையோடு நின்றுபோன சங்கங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விருந்தும் நட்பும் இருப்பதாலேயே சேவை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தச் சங்கங்கள் நட்பிலிருந்துதான் பிறந்தன.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரைச் சந்தித்தார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் தொழில் செய்தவர். சிறிய ஊரில் வளர்ந்த ஹாரிஸுக்குப் பெரிய நகரத்தில் பழக ஆள் இல்லை, அதுதான் தொடக்கம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சியாகக் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வைத்தார்கள். ஒருவர் தொழிலுக்கு ஒருவர் கைகொடுப்பதும் அப்போது ஒரு நோக்கமாக இருந்தது. ஆனால் 1907-லேயே அந்த நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று அவர்கள் முன்னின்று வேலை செய்தார்கள். ரோட்டரியின் முதல் பொதுச் சேவை அதுதான். மேடை போட்டுத் திறந்துவைத்துப் பெருமைப்படுகிற காரியம் இல்லை, ஜனங்களுக்குத் தினமும் தேவைப்படுகிற காரியம். எனக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும்.

1915-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கிவானிஸ் என்ற சேவைச் சங்கம் தொடங்கியது. 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ் முகவர், தான் இருந்த வியாபாரிகள் சங்கம் தன் லாபத்தை மட்டும் பார்க்காமல் சமூகத்தையும் பார்க்க வேண்டும் என்று பேசிப் பேசியே லயன்ஸ் சங்கம் உருவாகக் காரணமானார். நம் பத்திரிகைகள் அரிமா சங்கம் என்று எழுதுவது இதைத்தான்.

அமைப்பு எளிது. கீழே சங்கம், அதற்கு மேல் பல சங்கங்கள் சேர்ந்த மாவட்டம், அதற்கும் மேல் உலக அமைப்பு. இங்கே மாவட்டம் என்பது அரசாங்க வரைபடத்தில் இருக்கும் மாவட்டம் இல்லை, சங்கங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டது. ரோட்டரியிலும் லயன்ஸிலும் வருடம் ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் பெரும்பாலும் ஒரே வருடம்தான். யாரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது என்பது இதில் நல்லது. போன வருடத் தலைவர் தொடங்கியதை இந்த வருடத் தலைவர் மறந்துவிடலாம் என்பது கெட்டது. பலவீனமான சங்கங்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

அதனால் ஒரு யோசனை. விருந்தாளியாக இரண்டு கூட்டத்துக்குப் போங்கள், பணம் எதுவும் கட்ட வேண்டாம். "மூன்று வருடத்துக்கு முன்னால் நீங்கள் செய்த ஒரு வேலை இன்று எப்படி இருக்கிறது?" என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். உடனே ஒரு இடத்தையும் ஓர் ஆளையும் சொன்னால் சேருங்கள். ஆல்பத்தை எடுத்துக் காட்டினால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

"ஒரு நாட்டில் இருக்கும் சங்கம் இன்னொரு நாட்டில் எப்படி வேலை செய்கிறது? அங்கே ஆபீஸ் வைத்து ஆள் போடுகிறார்களா?" – கல்லூரி மாணவி

ஆபீஸும் இல்லை, ஆளும் இல்லை. எந்த நாட்டில் வேலை நடக்க வேண்டுமோ அங்கே ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கும். அதுதான் ஆபீஸ், அதுதான் ஆள். தொலைவில் இருக்கும் சங்கம் பணத்திலும் யோசனையிலும் பங்கெடுக்கும். உள்ளூர்ச் சங்கம் இடத்தைப் பார்க்கும், ஜனங்களோடு பேசும், வேலையை நடத்தும், பிறகும் அங்கேயே இருக்கும். அந்தக் கடைசி விஷயம் முக்கியம். வெளியூர்க்காரர் விமானம் ஏறிப் போய்விடலாம், உள்ளூர்க்காரர் மறுநாளும் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

ரோட்டரியின் விதிகளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவர்களின் உலகளாவிய மானியத்துக்குத் திட்டத்தின் பட்ஜெட் குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். வேலை நடக்கும் நாட்டிலிருந்து ஒரு சங்கமோ மாவட்டமோ, வேறு நாட்டிலிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அந்த மக்களுக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே ஆய்வு செய்து காட்ட வேண்டும். குடிநீரும் சுகாதாரமும், நோய்த் தடுப்பு, தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி என்று வகுத்து வைத்திருக்கும் ஏழு துறைகளுக்குள் அது வர வேண்டும். ஏழாவதான சுற்றுச்சூழல் 2021-ல்தான் சேர்ந்தது. பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வருடத்துக்கு ஒருமுறை அறிக்கை, முடிந்ததும் இறுதி அறிக்கை. உறுப்பினர்கள் ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் பணம் மூன்று வருடம் முதலீட்டில் இருந்த பிறகு ஒரு பங்கு மாவட்டத்தின் கைக்கும் ஒரு பங்கு அறக்கட்டளையின் உலக நிதிக்கும் போகிறது. மாவட்டம் தன் பங்கிலிருந்து ஒரு திட்டத்துக்குப் போட்டால், உலக நிதியும் அதோடு ஒரு தொகையைச் சேர்க்கும்.

இதெல்லாம் காகிதம். நேரில் எப்படி இருக்கும் என்று என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கடல் கடந்த ஒரு சங்கம் எங்களுக்கு எழுதியது. ஒரு பள்ளிக்கு இருபது கம்ப்யூட்டர் கொடுக்க ஆசைப்பட்டார்கள். நாங்கள் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் சந்தோஷமாகச் சரி என்றார். நாலு பேர் வந்து "தருகிறோம்" என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்தச் சரியை நம்பியிருந்தால் கம்ப்யூட்டர் வந்திருக்கும். எங்கள் சங்கத்தில் அப்போது மூத்த உறுப்பினராக இருந்த ஒரு அம்மா, "மேல் வகுப்புகளின் வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்த்தோம். பெரிய பெண் பிள்ளைகள் மாதத்தில் மூன்று நான்கு நாள் வரவில்லை, ஒவ்வொரு மாதமும் அதே மாதிரி. ஆசிரியர்களைக் கேட்டால் "வீட்டு வேலை" என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது பள்ளியைப் பெருக்குகிற பெண்மணியிடம் பேசினோம். நானூறு பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, திறந்திருப்பதில் தண்ணீர் இல்லை என்று அவர்தான் சொன்னார். அதுவரை அவரிடம் யாரும் கேட்டதே இல்லையாம்.

கம்ப்யூட்டர் வேண்டாம், கழிப்பறை வேண்டும் என்று எழுதினோம். ஒரு மாதம் பதிலே இல்லை. கோபித்துக்கொண்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு அந்தச் சங்கத்தில் இருந்த ஒரு குழாய் வேலைக்காரர் எழுதினார். தண்ணீர் எங்கிருந்து வரும், துப்புரவு செய்பவருக்குச் சம்பளம் யார் தருவார்கள், பிள்ளைகள் பயன்படுத்திய நாப்கின் எங்கே போகும் என்று மூன்றே கேள்விகள்தான் அந்தக் கடிதத்தில். அதற்குப் பதில் தேட எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. என் சங்க வாழ்க்கையில் கிடைத்த மிக நல்ல கடிதம் அது.

ஆறு கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, கைகழுவும் இடம் எல்லாம் கட்டினோம். சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று பள்ளி நிர்வாகக் குழுவோடு எழுதி வாங்கினோம். அப்படியும் ஒன்றை விட்டுவிட்டோம். எட்டு மாதம் கழித்துப் போனபோது கழிப்பறைகள் பூட்டியிருந்தன. தொட்டியில் மிதவை வால்வு உடைந்து தண்ணீர் நிற்கவில்லை. மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆனால் அதை வாங்க யாருக்கு அதிகாரம் என்று யாருக்கும் தெரியாததால் ஐந்து வாரம் பூட்டு. அது பள்ளியின் தவறு இல்லை, எங்கள் தவறு. அதிலிருந்து எங்கள் ஒப்பந்தங்களில் "ரிப்பேர்" என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதன் எதிரே ஓர் ஆள் பெயரும் இருக்கும்.

"நன்கொடை கேட்டு வருகிறார்கள். கொடுக்கிற பணம் உறுப்பினர்களின் விருந்துக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?" – மருந்துக் கடை நடத்துபவர்

நியாயமான கேள்வி. இதைக் கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஒழுங்கான சங்கத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று நிர்வாகக் கணக்கு. உறுப்பினர் சந்தா அதில் வரும், கூட்டச் செலவு, விருந்து, தபால் எல்லாம் அதிலிருந்து போகும். இன்னொன்று சேவைக் கணக்கு. பொதுமக்களிடம் வசூலித்தது அதில் வரும், பொதுமக்களுக்கே போகும். லயன்ஸ் அமைப்பில் இது எழுதப்பட்ட விதி. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுப் பயனுக்கே திரும்ப வேண்டும், சங்கத்தின் நிர்வாகச் செலவுக்கு அதைத் தொடக்கூடாது. அதனால் ரசீது வாங்கும்போது "இது எந்தக் கணக்கில் போகிறது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் ஒரு வார்த்தையில் பதில் சொல்வார்.

நான் முதல் முறை பொருளாளராக இருந்தபோது ஒரு பிரச்சினை வந்தது. கண் முகாமுக்கு வசூல் செய்திருந்தோம். திறப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசு வாங்கிய பில்லை அந்தக் கணக்கில் எழுதச் சொன்னார்கள். "முகாம் செலவுதானே" என்பது அவர்கள் வாதம். தொகை பெரிதில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, பேருந்து நிலையத்தில் உண்டியல் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது பள்ளிச் சீருடையில் வந்த ஒரு பையன் போட்டது. என்னால் எழுத முடியவில்லை. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம், சிலர் என்னோடு பேசுவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்கள். கடைசியில் பரிசுச் செலவைச் சந்தாக் கணக்கில் போட்டார்கள். அடுத்த வருடத்திலிருந்து நினைவுப் பரிசே கிடையாது என்று முடிவானது. அந்த முடிவைக் கொண்டுவந்தவர், முதலில் என்னை எதிர்த்துப் பேசியவர்தான்.

சிறு தொகை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரோட்டரி அறக்கட்டளையின் தொடக்கம் 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்ற தலைவர் முன்வைத்த யோசனை. அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். கான்சஸ் சிட்டிச் சங்கம் அனுப்பியது.

"பெண்களைச் சேர்த்துக்கொள்வார்களா? என் கணவருக்கு இதில் ஆர்வம் இல்லை, எனக்கு இருக்கிறது." – இரண்டு குழந்தைகளின் தாய்

தாராளமாகச் சேரலாம், தனியாகவே. நான் முதன்முதலில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது (நான் இப்போது இருக்கும் சங்கம் இல்லை) வாசலில் "யாருடைய மிஸஸ்?" என்று கேட்டார்கள். அன்று வலித்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருந்தது.

ரோட்டரி பல பத்து வருடம் ஆண்களுக்கு மட்டும்தான். கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது, அதற்காக அமைப்பிலிருந்தே விலக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987 மே 4 அன்று பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1989-ல் ரோட்டரி தன் விதியையே மாற்றியது. லயன்ஸும் 1987-ல் கதவைத் திறந்தது. 2018-ல் ஐஸ்லாந்தைச் சேர்ந்த குட்ரூன் ஈங்வடோட்டிர் லயன்ஸின் உலகத் தலைவரானார், 2022-ல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் ரோட்டரியின் தலைவரானார். அதற்கெல்லாம் ரொம்ப முன்பே, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் பெண்கள் சொந்தமாகச் சங்கம் கண்டார்கள். 1919-ல் சோண்டா, 1921-ல் சொராப்டிமிஸ்ட். குழந்தைகளோடு நேரம் கிடைப்பது கஷ்டம் என்றால் கூட்டம் எந்த நேரத்தில் என்பதை முதலில் விசாரியுங்கள். ஆன்லைனில் கூடும் சங்கங்களும் இருக்கின்றன.

"லயன்ஸ் என்றாலே கண் முகாம் என்கிறார்களே, ஏன்?" – பள்ளி மாணவர்

1925-ல் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவியும் இழந்த அந்தப் பெண், இருளை எதிர்த்து நடக்கும் போரில் பார்வையற்றவர்களின் வீரர்களாக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1930-ல் பியோரியா என்ற ஊரில், தெருவைக் கடக்கத் தடுமாறிய பார்வையற்றவர் ஒருவரின் கைத்தடி வண்டி ஓட்டுபவர்கள் கண்ணில் படவில்லை என்பதை ஒரு லயன்ஸ் உறுப்பினர் கவனித்தார். தடிக்கு வெள்ளை பூசலாம் என்று அங்கே யோசனை சொன்னார்கள், அந்த ஊரில் அது சட்டமும் ஆனது. 1990-ல் சைட்ஃபர்ஸ்ட் என்ற பெரிய திட்டத்தைத் தொடங்கினார்கள். கண்புரை அறுவை, ஆற்றுக் குருடு என்ற நோயைத் தடுக்கும் மருந்து, கண் மருத்துவப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம்.

ஒரு கண் முகாமில் எங்கள் மாதிரித் தொண்டர்கள் அறுவை செய்வதில்லை, அது டாக்டர் வேலை. எங்கள் வேலை அதற்கு முன்னும் பின்னும். தெருத் தெருவாகச் சொல்வது, பெயர் எழுதுவது, துணைக்கு ஆள் இல்லாதவரோடு ஒரு ராத்திரி இருப்பது. அப்புறம் சொட்டு மருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு முகாம் முடிந்து பத்து நாளில் வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டியின் கண் சிவந்திருந்தது. மூன்று பாட்டில் கொடுத்திருந்தோம், மூன்றும் ஒரே அளவு, ஒரே வெள்ளை மூடி. எழுத்துப் படிக்கத் தெரியாதவரிடம், அதிலும் இப்போதுதான் கண் திறந்தவரிடம், லேபிளைப் பார்த்துப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்! அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப் போனோம், கண் பிழைத்தது. அடுத்த முகாமிலிருந்து ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு நூல் கட்டினோம். ஒரு முடிச்சு என்றால் ஒரு வேளை, நாலு முடிச்சு என்றால் நாலு வேளை. விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, வேளை மாறும்போது முடிச்சை அவிழ்க்கவும் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

"போலியோவை ஒழித்தது அரசாங்கங்களும் உலகச் சுகாதார நிறுவனமும். சேவைச் சங்கங்கள் இதில் பெயர் வாங்கிக்கொள்வது சரியா?" – பொது சுகாதாரத் துறையில் பணியாற்றியவர்

உங்கள் துறையினர் செய்த வேலையை எந்தச் சங்கமும் தன்னுடையது என்று சொல்லக்கூடாது. சொன்னால் தவறு. ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

1979-ல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்கும் திட்டத்தில் ரோட்டரி அந்த நாட்டு அரசோடு சேர்ந்தது. அது நடந்துகாட்டியதால் 1985-ல் போலியோபிளஸ் என்று உலகம் முழுவதற்கும் அறிவித்தார்கள். 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988-க்குள் 24.7 கோடி வந்தது. அதே 1988-ல் உலகச் சுகாதார மன்றம் போலியோ ஒழிப்புக்குத் தீர்மானம் போட்டது. அப்போது 125 நாடுகளில் வருடத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ரோட்டரி நான்கும் கூட்டாளிகளாகத் தொடங்கின, பின்னால் கேட்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில், இந்தியாவும் அடங்கிய உலகச் சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லாப் பகுதி என்று சான்று கிடைத்தது. 2020-ல் ஆப்பிரிக்கா இயற்கைப் போலியோ வைரஸிலிருந்து விடுபட்டது. இன்று ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும்தான் பாக்கி.

அப்படியானால் சங்கங்கள் செய்தது என்ன? பணம் ஒன்று. அரசாங்கங்கள் சோர்ந்துபோகாதபடி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது இன்னொன்று. மூன்றாவது, வாசலில் நின்ற ஆட்கள். நானும் நின்றிருக்கிறேன். பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் சூட்டில் கெட்டுவிட்டது என்று உங்கள் துறையைச் சேர்ந்த ஒரு செவிலியர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நாக்கில் இரண்டு சொட்டு, குழந்தையின் சுண்டு விரலில் மை.

ஒரு வீட்டில் தாய் கதவைத் திறக்கவில்லை. போன தடவை மருந்து போட்டபின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததாம், யாரும் வந்து கேட்கவில்லையாம். நான் மருந்துப் பேச்சை எடுக்கவே இல்லை. மறுநாள் போய்க் காய்ச்சலைப் பற்றி மட்டும் கேட்டேன். நாலாவது நாள் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்கு வந்தார். ஒழிப்பு உங்கள் துறையின் சாதனை. அந்த நாலு நாள் எங்களுடையது. அவ்வளவு பெயர் போதும் எங்களுக்கு.

இதே பாணியில் கிவானிஸ், யுனிசெஃப்போடு சேர்ந்து அயோடின் குறைபாட்டைத் தடுக்கப் பத்து கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2010-லிருந்து தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் டெட்டனஸை ஒழிக்கும் வேலையில் இறங்கியது. தெளிவாகத் தெரிந்த ஒரு நோய், அதைத் தடுக்க மலிவான ஒரு வழி, வருடக்கணக்கில் விடாப்பிடி. பெரிய அளவில் ஜெயித்த திட்டங்களில் இந்த மூன்றையும் பார்க்கிறேன்.

"அண்டை நாட்டில் வெள்ளம் வந்தபோது எங்கள் குடியிருப்பில் பழைய துணி மூட்டை மூட்டையாகச் சேர்த்தோம். எந்தச் சங்கமும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் இந்த அலட்சியம்?" – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

அலட்சியம் இல்லை. நாங்களும் ஒருமுறை அறுபது மூட்டை சேர்த்தோம். அங்கிருந்த சங்கம் ரொம்ப மென்மையாக ஒரு பதில் எழுதியது. துறைமுகத்தில் இறக்க இடமில்லை, பிரிக்க ஆளில்லை, இருக்கிற ஆட்களும் லாரிகளும் குடிநீருக்கும் தார்ப்பாய்க்கும் வேண்டும் என்று. பிறகு நாங்களே பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் கிழிசல். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்கள்தான், வீட்டில் ஒதுக்கி வைத்ததைக் கொடுத்திருந்தார்கள்.

பேரிடரில் முதலில் தேவை பணமும், அந்த இடத்திலேயே வாழும் ஆட்களும். லயன்ஸ் அறக்கட்டளை பாதிக்கப்பட்ட மாவட்டத்துக்கு 10,000 டாலர் வரை அவசர மானியம் தரும். அங்குள்ள உறுப்பினர்கள் பக்கத்துச் சந்தையிலேயே தேவையானதை வாங்குவார்கள், அந்த வியாபாரிக்கும் பிழைப்பு கிடைக்கும். பொருளாகவே அனுப்புவதென்றால் எப்படி என்பதற்கு ஷெல்டர்பாக்ஸ் நல்ல உதாரணம். 2000-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு ரோட்டரிச் சங்கத்தின் திட்டமாகத் தொடங்கியது. கூடாரத்தோடு ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அவசரச் சாமான்கள் ஒரே பெட்டியில். 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குத்தான் முதல் பெட்டிகள் போயின. உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே தெரியும், பிரிக்க ஆள் வேண்டாம்.

அடுத்த முறை துணிக்குப் பதிலாக உங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு சிறு தொகை என்று எடுங்கள். சேர்ந்ததை எங்கே அனுப்பினீர்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

"எங்கள் சங்கம் சமீபத்தில் 40 சக்கர நாற்காலிகள் கொடுத்தது. விழா நன்றாக நடந்தது. நான் அடுத்த வருடச் செயலாளர். இனி நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" – இளம் உறுப்பினர்

இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதற்கே உங்கள் சங்கம் கொடுத்துவைத்திருக்கிறது.

நாற்காலி கொடுப்பதில் விழா ஒரு படிதான். வளம் குறைந்த இடங்களில் சக்கர நாற்காலி வழங்குவது பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் எட்டு படிகள். ஆளைப் பார்த்து மதிப்பிடுவது, உடம்புக்குப் பொருத்துவது, ஓட்டப் பழக்குவது எல்லாம் வரும். எட்டாவது படி பராமரிப்பும் தொடர்ந்து கவனிப்பதும். பொருந்தாத நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வரும். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அந்தப் புண் வலிக்காது, அதனால் கண்ணில் படாது, அது உயிரையே வாங்கலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் சங்கம் கொடுத்த ஒரு நாற்காலியில் இருந்தவருக்கு அது வந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அவர் மனைவி என்னைக் கேட்ட கேள்வி மறக்கவில்லை: "கொடுத்தபோது இத்தனை பேர் வந்தீங்களே, அப்புறம் ஒருத்தரும் வரலையே?"

அதனால் நாற்பது பேரின் பட்டியலை உடனே கையில் வாங்குங்கள். பொறுப்பு மாறும்போது தொலைவது அதுதான். முகவரி, அவரைக் கவனித்துக்கொள்பவர் பெயர், போன் நம்பர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது பேர் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தால் ஒரு ஜோடிக்கு நாலு வீடு, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடியும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் போனதும் நாற்காலி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது மூலையில் நின்று, அதன் மேல் துணி தொங்கிக்கொண்டிருந்தால், வாசற்படி உயரமா, கதவு அகலம் போதவில்லையா என்று அளந்து எழுதுங்கள். ஒரு சாய்தளப் பலகை போட்டால் பல வீடுகளில் பிரச்சினை தீரும். குஷன் அமுங்கிப் போயிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கால் மிதி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தோலைப் பார்க்கும் வேலையை பிசியோதெரபிஸ்ட்டிடமோ வீட்டாரிடமோ விடுங்கள், நீங்கள் வெளியே நில்லுங்கள்.

ட்யூப் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு பக்கத்துச் சைக்கிள் கடையில் கிடைக்குமா என்று விசாரித்து, கடைக்காரர் பெயரைப் பட்டியலில் சேருங்கள். யாராவது இறந்திருந்தால் வீட்டாரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, நாற்காலியை அன்றே கேட்காமல் வாருங்கள். எல்லாம் முடிந்ததும் பட்டியலை எனக்கு அனுப்ப முடிந்தால், பெயர்களை மறைத்து அனுப்புங்கள். எத்தனை நாற்காலி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது, நிற்பவை எதனால் நிற்கின்றன என்று மட்டும் போதும். அடுத்த மாதம் இதே பகுதியில் அதை வைத்துப் பேசுவோம்.